லைப்ரரிதிங்கில் தமிழ் அலமாரி: எது ஏறும், எங்கே சிக்கும்

வீட்டில் 200, 300 புத்தகம் வைத்திருப்பவருக்குப் பட்டியல் எதுவும் வேண்டியதில்லை. முதுகைப் பார்த்தாலே எது எங்கே என்று தெரிந்துவிடும். 500-ஐத் தாண்டிய பிறகுதான், ஏற்கெனவே அலமாரியில் இருக்கிற நூலையே ஜனவரிப் புத்தகக் காட்சியில் மறுபடி வாங்கிவருவது நடக்கும். 1000-ஐத் தாண்டினால் யாருக்கு எதை இரவல் கொடுத்தோம் என்பதும் மறந்துபோகும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கானது இந்த மதிப்புரை. பெரும்பாலும் தமிழ் நூல்கள், கொஞ்சம் ஆங்கிலம் என்று இருக்கும் ஒரு வீட்டுச் சேகரிப்பை லைப்ரரிதிங் என்ற நூல் பட்டியலிடும் தளத்தில் ஏற்றினால் என்ன கிடைக்கும், எங்கே மாட்டும் என்பதுதான் விஷயம்.

டிம் ஸ்பால்டிங் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து 2005 ஆகஸ்டில் தொடங்கிய தளம் இது. வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரமும் கருத்தும் இடும் குட்ரீட்ஸ் தளத்துக்கும் மூத்தது. நெடுங்காலம் 200 நூல்கள் வரைதான் இலவசம். அதற்கு மேல் ஆண்டுக்கு 10 டாலர், அல்லது ஆயுளுக்கும் 25 டாலர். 2020-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது எத்தனை ஆயிரம் நூல் ஏற்றினாலும் காசில்லை. குட்ரீட்ஸை 2013-இல் அமேசான் வாங்கியது எல்லாருக்கும் தெரியும். லைப்ரரிதிங்கில், இணையத்தில் பழைய நூல் விற்கும் ஏப்புக்ஸ் நிறுவனத்துக்குச் சிறுபான்மைப் பங்கு இருந்தது. 2008-இல் அமேசான் ஏப்புக்ஸை வாங்கியபோது அந்தப் பங்கும் அதனோடு போனது. அமேசான் வாசனையே கூடாது என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

குட்ரீட்ஸுக்கும் லைப்ரரிதிங்குக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ் வாசகருக்கு அதுதான் முக்கியம். குட்ரீட்ஸில் ஒரு பதிப்புக்கு ஒரே பதிவு. அதை எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தலைப்பில் ஒற்று விடுபட்டிருந்தாலும், நூலகர் உரிமை பெற்ற உறுப்பினர் வந்து திருத்தும்வரை அப்படியேதான் கிடக்கும். லைப்ரரிதிங்கில் உங்கள் பிரதிக்கான பதிவு உங்களுடையது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, மொழி எல்லாவற்றையும் நீங்களே மாற்றலாம். அடுத்தவர் பட்டியலில் அது கை வைக்காது. ஒரே நூலை வைத்திருக்கும் பலருடைய பதிவுகளையும் பின்னணியில் ‘படைப்பு’ என்ற ஒரு பொதுப்பக்கம் சேர்த்துக் கட்டுகிறது. தமிழ் நூல்களைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் தரவு அரைகுறையாக இருக்கிற நிலையில், அவரவர் பதிவை அவரவரே திருத்திக்கொள்ளும் உரிமை சலுகை அல்ல, அவசியம்.

பதிவேற்றம்

‘நூல் சேர்’ பக்கத்தில் ஒரு தேடுபெட்டி இருக்கும். பக்கத்திலேயே எந்த மூலத்தில் தேடுவது என்ற பட்டியல்: அமேசான், அமெரிக்க காங்கிரஸ் நூலகம், ஓவர்கேட் எனப்படும் லைப்ரரிதிங்கின் சொந்தத் தொகுப்பு, இன்னும் நாடுவாரியாக ஏராளமான நூலகங்கள். தேடும் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதே பக்கத்தில் குறிச்சொல்லையும் தொகுப்பையும் முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம்; அதன் பிறகு சேர்க்கும் ஒவ்வொரு நூலிலும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ‘அலமாரி 3 தட்டு 2’ என்று குறிச்சொல் கொடுத்துவிட்டு, அந்தத் தட்டை முடித்தபின் அடுத்ததற்குப் போவதே சரியான முறை. நூல்களை ஆசிரியர்வாரியாகத் தரையில் பிரித்துப் போட்டுவிட்டு ஏற்ற ஆரம்பித்தால் இரவு படுக்க இடம் இருக்காது.

பார்கோடு உள்ள நூலைக் கைப்பேசிச் செயலியில் படம்பிடித்தால் போதும். கணினியில் உட்கார்ந்து செய்பவர்கள், கடைகளில் பில் போடும் சாதாரண யுஎஸ்பி ஸ்கேனரை இணைத்துக்கொள்ளலாம். கணினிக்கு அது ஒரு விசைப்பலகை மாதிரிதான். எண்ணைத் தட்டி, என்டரும் தட்டிவிடும். லைப்ரரிதிங்காரர்கள் ஒரு காலத்தில் பூனை வடிவத்தில் கியூகேட் என்ற ஸ்கேனரையே விற்றார்கள். இங்கே அதற்காக அலைய வேண்டியதில்லை.

சிக்கல் ஸ்கேனரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. இந்திய நூலின் ஐஎஸ்பிஎன், அதாவது பன்னாட்டு நூலெண், 978-க்குப் பிறகு 81 அல்லது 93 என்று தொடங்கும். இலங்கை நூலென்றால் 955 அல்லது 624. பின்னட்டையில் 890 என்று தொடங்கும் பார்கோடு இருந்தால் அது பொதுச் சரக்குக் குறி, நூலெண் அல்ல. உள்ளே தகவல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 977 என்றால் அது பருவ இதழ். சிறப்பிதழையும் தீபாவளி மலரையும் ஸ்கேன் செய்து ஒன்றும் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 2007-க்கு முன் வந்த நூலில் 10 இலக்க எண் இருக்கும். அதை அப்படியே தட்டலாம்; கடைசி இலக்கம் ‘எக்ஸ்’ என்றிருந்தால் அதுவும் எண்ணின் பகுதிதான், விட்டுவிடக் கூடாது.

அடுத்த சிக்கல் பதிப்பகங்கள் செய்வது. ஒரே எண்ணை இரண்டு வேறு நூல்களுக்கு அச்சிட்டுவிடுவது, முந்தைய நூலின் தகவல் பக்கத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறப்பது என்று பலவும் உண்டு. ஸ்கேன் செய்ததும் திரையில் வந்த தலைப்பைக் கையிலிருக்கும் நூலோடு ஒருமுறை ஒப்பிடுவது கட்டாயம். எண் செல்லாது என்று தளம் தள்ளினால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: 13 இலக்கங்களையும் மாறிமாறி 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் பத்தின் மடங்காக வர வேண்டும். வரவில்லையென்றால் அச்சிட்ட எண்ணே தவறு. எண் கட்டத்தைக் காலியாக விட்டு, அந்தப் பிழை எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவைத்தால் பின்னால் குழப்பம் வராது.

காங்கிரஸ் நூலகத்தில் தமிழ் தேடுவது

ஐஎஸ்பிஎன்னே இல்லாத பழைய தமிழ் நூல்களுக்கு நம்பகமான மூலம், வேடிக்கையாகத் தோன்றினாலும், வாஷிங்டனில்தான் இருக்கிறது. பொதுச் சட்டம் 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் அமெரிக்காவிடம் வாங்கிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் பணம் செலுத்தியது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் புதுடெல்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பியது. அறுபதுகள், எழுபதுகளில் வந்த தமிழ் நாவல்களும் ஆய்வு நூல்களும் அப்படித்தான் அங்கே ஒழுங்கான பட்டியலுக்குள் வந்தன. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய அட்டை கிழிந்த நூலுக்கு முழுப் பதிவு அங்கே காத்திருக்கும் வாய்ப்பு நிறையவே உண்டு.

ஆனால் தமிழில் தட்டினால் பெரும்பாலும் வராது. நாம் பழக்கத்தில் எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டினாலும் வராது. அவர்களுக்கென்று ஒரு ரோமன் எழுத்துப்பெயர்ப்பு முறை இருக்கிறது. அது ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. தமிழில் ஒரு மெய் என்றால் அங்கேயும் ஒரே எழுத்து. க எங்கே வந்தாலும் ‘கே’தான், ‘ஜி’ வராது. ச எங்கே வந்தாலும் ‘சி’தான், ‘எஸ்’ வராது, ‘சிஎச்’சும் வராது. ட, த இரண்டும் ‘டி’ (t, d அல்ல) என்ற எழுத்து; த-வுக்கு நாம் போடும் ‘எச்’ அங்கே கிடையாது. ப-வுக்கு ‘பி’ (p, b அல்ல) மட்டும்; பாரதி என்றாலும் அதில் ‘பிஎச்’ (bh) இல்லை. ழ என்பது கீழே கோடிட்ட ‘எல்’. நெடிலுக்கு மேலே கோடு.

நல்ல செய்தி என்னவென்றால், தேடும்போது இந்தக் கோடும் புள்ளியும் தேவைப்படுவதில்லை. அவற்றை விட்டுவிட்டால் ல, ள, ழ மூன்றும் ‘எல்’. ர, ற இரண்டும் ‘ஆர்’. ந, ன, ண, ங, ஞ எல்லாம் ‘என்’. ஆகவே பாரதியார் கவிதைகளைத் தேட ‘பி-ஏ-ஆர்-ஏ-டி-ஐ-ஒய்-ஏ-ஆர்’, இடைவெளி, ‘கே-ஏ-வி-ஐ-டி-ஏ-ஐ-கே-ஏ-எல்’ (paratiyar kavitaikal) என்று தட்ட வேண்டும். சுந்தர என்ற பெயர் ‘சி-யு-என்-டி-ஏ-ஆர்-ஏ’ (cuntara). அதிகம் ஏமாற்றுவது ற்ற: காற்று என்பதில் ‘டி’யே இல்லை, இரண்டு ‘ஆர்’. கிரந்த எழுத்துகளுக்கு வேறு கணக்கு. ஜ-வுக்கு ‘ஜே’, ஸ-வுக்கு ‘எஸ்’ என்று வழக்கம்போலவே இருக்கும். அதனால் ஒரே பெயரில் ச வந்தால் ‘சி’, ஸ வந்தால் ‘எஸ்’; அட்டையில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து மாற்றித் தட்டுங்கள்.

சொற்களைச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் அவர்கள் ஒரு விதம், நாம் ஒரு விதம். நீளமான தலைப்பை முழுக்கத் தட்டாமல், புணர்ச்சிக்குள் சிக்காத ஒரே ஒரு சொல்லையும் ஆசிரியர் பெயரையும் கொடுத்தால் போதும். பழகும்வரை எரிச்சல்தான், பத்து நூலுக்குப் பின் கை தானாகப் போகும்.

பதிவு கிடைத்ததும் அதைச் சேர்த்துக்கொண்டு, தலைப்பையும் ஆசிரியரையும் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். ரோமன் வடிவத்தை அழித்துவிட வேண்டாம். உறுப்பினர் எல்லாரும் பகிர்ந்து நிரப்பும் பொதுத் தகவல் பகுதியில் ‘மாற்றுத் தலைப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரோமன் வடிவம், புழக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டையும் அங்கே போட்டால் அடுத்து அந்த நூலைத் தேடி வருபவருக்கு வழி கிடைக்கும்.

ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்றே பெயருள்ள நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்வது நல்லது. அதை லைப்ரரிதிங்கிலிருந்து நேரடியாக இழுக்கும் வழி கிடையாது. ஆனால் அங்குள்ள பதிவில் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் எல்லாம் தமிழிலேயே இருப்பதால் வெட்டி ஒட்டிவிடலாம்.

கையால் பதிவது

எங்கும் கிடைக்காத நூல்களுக்குக் கைப்பதிவுதான். ஒரு நூலுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 நூல் என்றால் 25 மணி நேரம் வரை போகும். தமிழ்ப் பதிப்பகங்கள் பல, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் ‘நூற்குறிப்பு’ என்று ஒரு பக்கம் அச்சிடும்: நூலின் பெயர், ஆசிரியர், மொழி, பதிப்பு, உரிமை, தாள், அளவு, எழுத்தின் புள்ளி, பக்கங்கள், விலை, அச்சகம். தளத்தின் கைப்பதிவுப் படிவம் கேட்கும் விவரங்களில் பலவும் இந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். அளவு என்ற இடத்தில் ‘டெமி’ என்றிருந்தால் உயரம் சுமார் 21.5 செ.மீ.; ‘கிரௌன்’ என்றால் 18.5 செ.மீ. ஒட்டி. இதைப் பதிந்துவைப்பது பொழுதுபோகாதவர் வேலை என்று நினைக்கலாம். ஆனால் புது அலமாரிக்குத் தட்டு இடைவெளி சொல்லும்போது எத்தனை கிரௌன், எத்தனை டெமி என்று எடுத்துப் பார்க்க முடிவது நிஜமான வசதி. எல்லா நூலையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும் என்றுகூடத் தளம் கணக்குப் போட்டுக் காட்டும். அது எதற்கும் பயன்படாது, பார்க்க நன்றாக இருக்கும்.

ஆண்டுக் கட்டத்தில் கவனம் தேவை. சில பதிப்பகங்கள் திருவள்ளுவர் ஆண்டை மட்டும் போடும். அதிலிருந்து 31-ஐக் கழிக்க வேண்டும்: 2055 என்றால் 2024. கழிக்காமல் அப்படியே போட்டால் உங்கள் சேகரிப்பில் இன்னும் அச்சாகாத நூல்கள் நிறைய இருப்பதாகத் தளம் சொல்லும். மிகப் பழைய அச்சில் பிரபவ, விபவ என்று ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். பிரபவ 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம். தாள், அச்சகத்தின் பெயர், விலை அணாவிலா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘ஏழாம் பதிப்பு’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஏழாவது அச்சுதான், உள்ளே ஒரு எழுத்தும் மாறியிருக்காது. உங்கள் பிரதி அச்சான ஆண்டைப் பதிவிலும், நூல் முதலில் வந்த ஆண்டைப் பொதுத் தகவலிலும் போடுவதே முறை.

பெயர்களும் வரிசையும்

ஆசிரியர் கட்டம் குடும்பப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர் என்ற மேலை வழக்கத்தை எதிர்பார்க்கிறது. நமக்குக் குடும்பப் பெயரே இல்லை. முன்னால் இருப்பது தகப்பன் பெயரின் எழுத்து அல்லது ஊர் எழுத்து. ‘ஜெயகாந்தன், த.’ என்று போட்டால் சரியாக வேலை செய்யும். நூலக வழக்கமும் அதுதான். ‘சுந்தர ராமசாமி’ மாதிரிப் பெயரில்தான் தகராறு: இரண்டாவது சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ரா-வில் கொண்டுபோய் வைக்கும். சேர்த்தபின் ஆசிரியர் வரிசையில் ஒருமுறை பார்த்துத் திருத்திவிட வேண்டும். கல்கி, புதுமைப்பித்தன் போல ஒற்றைப் பெயருக்குக் காற்புள்ளி வேண்டாம்.

ஒரே ஆசிரியர் தமிழ் எழுத்தில் ஒரு பக்கம், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு பக்கம், காங்கிரஸ் நூலக வடிவத்தில் ஒரு பக்கம் என்று மூன்று நான்காகச் சிதறிக் கிடப்பார். ஆசிரியர் பக்கத்தில் இவற்றை ஒன்றாக இணைக்கும் வசதி எல்லா உறுப்பினருக்கும் உண்டு. யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம்தான் இந்தத் தளத்தின் பலம். தெரியாமல் கை வைத்தால் அதுவே தொல்லை.

அகரவரிசையில் முழுத் திருப்தி கிடைக்காது. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் ஒருங்குறி (யூனிகோடு) எண்ணின்படி அடுக்கும் எந்த மென்பொருளிலும் புள்ளி வைத்த எழுத்து அந்த வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அகராதிப்படி கல்கிக்குப் பின்தான் கலாப்ரியா. எண்படி அடுக்கினால் கலாப்ரியா முந்திக்கொள்வார். ஜ-வில் தொடங்கும் பெயர்கள் கடைசியில் வராமல் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நுழைந்திருக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இன்னொரு குறையைத் தவிர்க்கலாம். ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடுபெட்டிக்கு வேறு வேறாகிவிடக்கூடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய வலைப்பக்கங்களில் இது சாதாரணம். அங்கிருந்து தலைப்பை ஒட்டியபின் தேடினால் கிடைக்கவில்லை என்றால், அந்த எழுத்தை அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

படைப்பை இணைப்பது

பொன்னியின் செல்வனை வைத்துப் பார்த்தால் விளங்கும். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகமாக நூலானது. நாட்டுடைமை ஆனதால் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். ஐந்து தனி நூலாக, ஐந்தும் ஒரே பெட்டியாக, ஒரே கனத்த தொகுதியாக, சுருக்கமாக, படக்கதையாக, ஆங்கில மொழிபெயர்ப்பாக என்று அச்சில் பல உருவம். தளத்தின் விதிப்படி மொழிபெயர்ப்பும் மூலமும் ஒரே படைப்பு. இரண்டாம் பாகம் மட்டும் என்றால் தனிப் படைப்பு. முழுத் தொகுதியோடு சேர்க்கக் கூடாது. சுருக்கமும் படக்கதையும் தனித்தனி. அவற்றை ‘இதன் சுருக்கம்’, ‘இதன் தழுவல்’ என்ற உறவுகளால் தொடுக்கலாம். பாகங்களைத் தொடர் வரிசையில் 1 முதல் 5 வரை எண்ணிட்டு வைக்கலாம். அவசரத்தில் யாராவது முதல் பாகத்தையும் முழு நூலையும் இணைத்துவிட்டால், முதல் பாகம் மட்டும் வாசித்தவர் போட்ட அரை நட்சத்திரம் முழு நாவலின் கணக்கில் போய் விழும். பதிப்புகள் பக்கத்துக்குப் போய்ப் பிரித்துவிடலாம். சிறுகதைத் தொகுப்புகளில் இந்தப் பிசகு அதிகம்: ‘சிறுகதைகள்’ என்று வெறுமனே தலைப்பிட்ட தேர்ந்தெடுத்த தொகுப்பும் முழுத் தொகுப்பும் ஒன்றல்ல.

வகைப்பாட்டுக்கு, நூலகங்கள் பொருள்வாரியாக நூலை அடுக்கப் பயன்படுத்தும் டூயி தசம எண்ணைத் தளம் தானே பரிந்துரைக்கும். தமிழ்ப் புனைகதை முழுதும் 894.8113 என்ற ஒரே எண்ணில் வந்து குவியும். வீட்டு அலமாரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த இடத்தில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் வகைப்பாட்டு முறை எவ்வளவோ மேல். இலக்கியத்தில் மொழி, வடிவத்துக்கு அடுத்தபடியாக ஆசிரியரின் பிறந்த ஆண்டை வைத்து அவர் அடுக்கினார். அதையே குறிச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம். ‘பிறப்பு 1899’ என்று கல்கிக்கு, மற்றவர்களுக்கும் இப்படியே. வரிசைப்படுத்தினால் உங்கள் நாவல்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கும். மற்றபடி குறிச்சொற்களை ஒருமையில் வைப்பதா பன்மையில் வைப்பதா என்று தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். ‘சிறுகதை’ பாதி, ‘சிறுகதைகள்’ பாதி என்று பிரிந்தபின் கூட்டுத்திருத்தம் என்ற வசதியில் ஒன்றாக்கலாம்தான். அது இன்னொரு மாலை வேலை.

இரவல், இரட்டைப் பிரதி, வாசிப்பு

‘என் நூலகம்’, ‘வாங்க வேண்டியவை’, ‘வாசிக்க வேண்டியவை’, ‘வாசித்தது, ஆனால் என்னிடம் இல்லை’ எனத் தொகுப்புகள் முதலிலேயே இருக்கும். வாசகசாலையில் எடுத்து வாசித்தவற்றுக்கு இந்தக் கடைசித் தொகுப்பு பொருத்தம். ஒரு நூலை எத்தனை தொகுப்பில் வேண்டுமானாலும் வைக்கலாம். தொடங்கிய நாளும் முடித்த நாளும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதியலாம் என்பதால் மறுவாசிப்புக்கும் கணக்கு உண்டு. இரவல் போன நூலுக்கு யாரிடம், எப்போது என்று பதிவு. திருப்பிக் கேட்கும் தைரியத்தைத் தளம் தராது. இரட்டைப் பிரதிகளைத் தேடித் தரும் பக்கம் ஐஎஸ்பிஎன்னை மட்டும் நம்பாமல் படைப்பைப் பார்க்கிறது. ஆகையால் வேறு வேறு பதிப்பகத்தில் இரண்டுமுறை வாங்கியதும் மாட்டும், படைப்புகள் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தால்.

எங்கே சோர்வு தட்டும் என்றால் பரிந்துரையில். ஒரே நூல்களை வைத்திருக்கும் பலரை ஒப்பிட்டுத்தான் அடுத்த நூலைச் சொல்ல முடியும். தமிழ் நூல் ஏற்றியவர்கள் இங்கே குறைவு. வருகிற பரிந்துரைகள் உங்கள் ஆங்கில நூல்களைச் சுற்றியே வரும். அட்டைப்படமும் அப்படித்தான், பெரும்பாலானவற்றுக்கு நீங்களே படமெடுத்து ஏற்ற வேண்டும். வெயில் படாத ஜன்னலோரத்தில் நேர்மேலிருந்து எடுத்து, நூலின் விளிம்பில் வெட்டினால் போதும்.

தமிழ் நூலைப் பற்றித் தமிழில் நாலு பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் குட்ரீட்ஸுக்குத்தான் போக வேண்டும். அங்கே கூட்டம் இருக்கிறது. கிண்டிலில் வந்த தமிழ் நூல்கள் பலவும் பதிவாகவும் இருக்கின்றன. ஆனால் நட்சத்திரம் முழுசாகத்தான், அரை கிடையாது. ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு வாசிப்புத் தளம் கால் நட்சத்திரம்வரை தருகிறது, வாசிப்புப் புள்ளிவிவரம் அழகாக இருக்கும். சொந்தப் பிரதியின் விவரம் வைக்க அது ஏற்பாடான இடமல்ல. பட்டியல் லைப்ரரிதிங்கில், அரட்டை குட்ரீட்ஸில் என்று வைத்துக்கொள்வதே நல்லது. குட்ரீட்ஸிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பை லைப்ரரிதிங் நேராக வாங்கிக்கொள்ளும். மின்னூல்களுக்கு இரண்டுமே வேண்டாம், அவற்றைக் கணினியில் அடுக்கிவைக்கும் காலிபர் மென்பொருள் போதும்.

மறைந்தார் நூலகங்கள் என்று சொல்லத்தக்க ஒரு பகுதியும் இங்கே உண்டு. தாமஸ் ஜெஃபர்சன் போன்ற மறைந்தவர்களின் சொந்தச் சேகரிப்புகளை உறுப்பினர்கள் தன்னார்வமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஜெஃபர்சன் அலமாரியும் உங்கள் அலமாரியும் எத்தனை நூலில் ஒத்துப்போகின்றன என்று பார்க்கலாம். உ.வே. சாமிநாதையரின் சேகரிப்பை யாராவது இப்படி ஏற்றினால் ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழ் வாசகருக்கு ஒரு ஆள் கிடைப்பார்.

காப்புப் பிரதி

ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏற்றுமதி செய்து சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணைக் கோப்பு, ஜேசன் என்ற தரவுக் கோப்பு, நூலக மென்பொருள்கள் பயன்படுத்தும் மார்க் என்று பல வடிவில் எடுக்கலாம். அட்டவணைக் கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறப்பதுதான் எல்லாரும் செய்வது, அதில்தான் கெடும். தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியும். 13 இலக்க ஐஎஸ்பிஎன் 9.78-இல் தொடங்கும் அடுக்கெண்ணாகச் சுருங்கும். ஆங்கில நூல்களின் 10 இலக்க எண்ணில் முதல் பூஜ்யம் உதிரும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் போன இலக்கம் போனதுதான். எக்செலை வெறுமனே திறந்து, ‘தரவு’ பட்டியில் உரைக்கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று கொடுத்து, ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். திருத்தும் எண்ணமில்லாமல் பத்திரப்படுத்த மட்டும் என்றால் ஜேசன் கோப்பே நல்லது, யாரும் தெரியாமல் திறந்து கெடுக்க மாட்டார்கள்.

ஊர்ப் படிப்பகமோ பள்ளி நூலகமோ நடத்துபவர்களுக்கு இதே நிறுவனத்தின் டைனிகேட் இருக்கிறது. உங்கள் லைப்ரரிதிங் பட்டியலையே பொதுமக்கள் தேடக்கூடிய நூலகப் பக்கமாக மாற்றி, உறுப்பினர் கணக்கு, நூல் வழங்கல், திரும்பப் பெறுதல் எல்லாம் சேர்த்துத் தரும். 20,000 உருப்படி வரை தாங்கும். தனியாருக்கு இலவசம், அமைப்புகளுக்கு மாதக் கட்டணம். டாலரில் மாதாமாதம் கட்ட முடியாத படிப்பகங்கள், கட்டற்ற மென்பொருளான கோஹாவையோ தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவையோ பார்க்கலாம். கோஹாவை நிறுவ விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் கிடைக்கும்வரை லைப்ரரிதிங்கில் ஏற்றிக்கொண்டே இருங்கள்; பின்னால் மார்க் வடிவில் எடுத்து அதில் இறக்கிக்கொள்ளலாம், தட்டிய எழுத்து வீணாகாது.